கிளேரின் ஊரும் பாரிஷும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சிற்றூரைப் பாடிய புலவர்களை ‘இயற்கைக் கவிஞர்’ என்னும் ஒரே பெயரில் அடக்கிவிடுதல் நெடுநாளைய வழக்கு. அவ்வழக்கால் மிகுதியும் இழந்தவர் ஜான் கிளேர் (1793–1864). பறவைக் கூட்டையும் புல்வெளியையும் நுணுகிக் கண்டு பாடியவர் என்னும் புகழ் அவருக்கு உண்டு. அது பொருந்தாப் புகழ் அன்று. ஆயினும், அவர் பாடிய ஊர் புல்லும் புள்ளும் மட்டுமே நிறைந்த ஊரன்று. அவ்வூரில் பிறந்தோர்க்குப் பெயர் எழுதியதும், வறியோர்க்குப் படி அளந்ததும், சாலைக்குக் கல் பரப்பியதும், வந்தேறியவரை வெளியே அனுப்பியதும் ஒரு நிறுவனம். அதன் பெயர் பாரிஷ். இந்நிறுவனத்தின் இயல்பை அறியாமல் கிளேரைக் கற்பவர் அவர் பாட்டின் ஒரு பாதியையே கற்பவராவர் என்பதும், பாரிஷைப் பற்றிய அவர் பாடல்களுள் வெளிப்படையாகச் சினந்து பாடிய நெடும் பாட்டினும் நிலத்தையே பேசவிட்ட சிறு பாட்டே சிறந்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும்.

சொல்லின் இரு பொருள்

பாரிஷ் என்னும் சொல்லைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் ‘பங்கு’ என்பர். நெல்லைப் பகுதியின் சீர்திருத்தத் திருச்சபையார் ‘சேகரம்’ என்பர். இவ்விரு சொற்களும் வழிபாட்டு மக்களின் அமைப்பையே சுட்டுவன. ஆங்கிலச் சிற்றூரில் அச்சொல்லுக்கு இதனினும் விரிந்த பொருள் இருந்தது. ஆதலின் ஈண்டு மூலச்சொல்லையே எடுத்தாள்வோம்.

பாரிஷ் ஒருபுறம் கோயிலையும் குருவையும் கல்லறைத் தோட்டத்தையும் குறித்தது. மறுபுறம் அது ஓர் அரசியல் உறுப்பு. 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் ஒவ்வொரு பாரிஷும் தன் வறியோரைத் தானே பேண வேண்டும் என விதித்தது. அதற்கென நிலமுடையோரிடம் வரி தண்டுவதற்கும், தண்டிய பொருளைப் பங்கிடுவதற்கும் ‘வறியோர் கண்காணிப்பாளர்’ என்போர் ஆண்டுதோறும் அமர்த்தப்பட்டனர். கோயில் மேற்பார்வையாளர், ஊர்க்காவலர், சாலை மேற்பார்வையாளர் ஆகியோரும் உடன் இருந்தனர். இவர்கள் கூடிய அவைக்கு ‘வெஸ்ட்ரி’ என்று பெயர். குருவின் திருவுடைகள் வைக்கப்பெற்ற கோயிலறையில் கூடியதால் அவ்வறையின் பெயரே அவைக்கும் ஆயிற்று. திருவுடையும் வரிக்கணக்கும் ஓர் அறைக்குள் இருந்தமையை இச்சொல் வரலாறே காட்டும்.

1662ஆம் ஆண்டின் சட்டம் ஊருரிமை என்பதனை வரையறுத்தது. ஒருவன் வறுமையுற்றால் அவனைப் பேண வேண்டிய பாரிஷ் எது என்பதை அவ்வுரிமையே முடிவு செய்தது. பிற ஊரான் பாரிஷுக்குச் சுமையாவான் என்று அஞ்சப்பட்டால் அவனைத் தன் ஊருக்கே திருப்பி அனுப்பலாம். உண்மையிலேயே உதவி கேட்டவனை மட்டுமே அவ்வாறு அனுப்பலாம் என்னும் தளர்வு 1795இல்தான் வந்தது. அதே ஆண்டில் பெர்க்ஷயர் நீதியாளர்கள் ஸ்பீனம்லண்டில் கூடி, அப்பத்தின் விலைக்கும் குடும்பத்தின் அளவுக்கும் ஏற்ப, உழவுக்கூலியின் குறையைப் பாரிஷ் நிதியால் நிரப்பும் முறையை வகுத்தனர். இதனையொத்த முறைகள் தென்னிங்கிலாந்தின் பல வட்டாரங்களிலும் பரவின. இதனால் விளைந்தது யாது? கூலியை உயர்த்த வேண்டிய பண்ணையார் அதனை உயர்த்தாமல், குறையைப் பாரிஷின் கணக்கில் தள்ளினார். அப்பண்ணையாரே வரி செலுத்துபவர். அவரே வெஸ்ட்ரியில் அமர்பவர். அவரே முறைவைத்துக் கண்காணிப்பாளரும் ஆபவர். 1818ஆம் ஆண்டின் சட்டம், வெஸ்ட்ரியில் உடைமையின் அளவுக்கேற்ப ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை அளித்தது. வேலை கொடுப்பவனும் கூலி குறைப்பவனும் பிச்சை இடுபவனும் ஒருவனே ஆயின், பெறுபவன் யாரிடம் சென்று முறையிடுவான்? இவ்வினாவே கிளேரின் பாட்டுக்கு அடிநிலை.

கவிஞரும் ஊரும்

கிளேர் 1793ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள், நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டைப் பெண்மகவு பச்சிளம் பருவத்திலேயே இறந்தது. தந்தை பார்க்கர் கிளேர் கதிரடிக்கும் கூலியாள். தாய் எழுத்தறியாதவர். தந்தையின் தாய் அவ்வூர்ப் பாரிஷ் எழுத்தரின் மகள். ஊரூராய்த் திரிந்த பள்ளியாசிரியர் ஒருவருக்கு மணவாழ்வின்றிப் பிறந்த மகனே பார்க்கர். ஆகவே பாரிஷின் பதிவேட்டைக் காத்த குடும்பமே அதன் பழிச்சொல்லுக்கும் ஆளாகியது எனலாம். கிளேர் சிறிது காலம் கற்ற பள்ளியும் அண்டை ஊராகிய கிளின்டனின் கோயிலிலேயே நடந்தது.

முடக்குவாதத்தால் தந்தையார் உழைக்கவியலாதவரானபோது, பாரிஷ் அவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் அளித்தது. வெறுங்கையுடன் உதவி ஏற்க நாணிய அவர், சாலை செப்பனிடும் பணியில் ஈடுபட்டார். இச்செய்தியைக் கிளேர் தம் வாழ்க்கைக் குறிப்பில் வருத்தத்துடன் எழுதியுள்ளார். பாரிஷ் என்பது அவருக்கு நூலில் கண்ட பொருளன்று. தந்தையின் கையிலிருந்த கல்லும் சம்மட்டியும் ஆகும்.

ஹெல்ப்ஸ்டனையும் அதனை அடுத்த ஊர்களையும் சார்ந்த நில அடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியது. நிலப் பங்கீட்டின் இறுதித் தீர்ப்பு 1820இல் வந்தது. அதுவரை மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் திறந்து கிடந்த பொதுநிலங்கள் வேலியிட்ட தனியுடைமைகளாயின. ஒரு பசுவையோ சில வாத்துகளையோ வைத்துப் பிழைத்த குடிசைவாசி, அவ்வுரிமை போனபின் கூலியை மட்டுமே நம்பினான். கூலி போதாதபோது பாரிஷை நம்பினான். நில அடைப்பும் வறியோர் உதவியும் தனித்தனிச் செய்திகளல்ல. முன்னது எடுத்துக்கொண்டதன் ஒரு சிறு பகுதியைப் பின்னது அறமென்னும் பெயரால் திருப்பித் தந்தது. இவ்விணைப்பைக் கிளேர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

இங்கிலாந்தும் வேல்சும் சேர்ந்து வறியோர் உதவிக்குச் செலவிட்ட தொகை 1818ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 78 இலட்சம் பவுனாக உயர்ந்தது. வரி செலுத்துவோர் முணுமுணுத்தனர். பெறுவோர் இகழப்பட்டனர். இக்காலத்தில்தான், 1820ஆம் ஆண்டு சனவரியில், கிளேரின் முதல் தொகுதி இலண்டனில் வெளிவந்தது. கீட்சின் பதிப்பாளராகிய ஜான் டெய்லரே அதனையும் வெளியிட்டார்.

கிராப் கண்ட பதிவேடு

கிளேருக்கு முன்பே பாரிஷைப் பாட்டுப் பொருளாக்கியவர் ஜார்ஜ் கிராப் (1754–1832). இவர் குருத்துவம் ஏற்றவர், பாரிஷ்களை நடத்தியவர். 1783இல் வெளிவந்த ‘சிற்றூர்’ என்னும் நூலில், மேய்ப்பர் குழலூதும் போலி இன்பவுலகைத் தகர்த்து, வறியோர் இல்லத்தின் அவலத்தைக் காட்டினார். 1807இல் வெளிவந்த ‘பாரிஷ் பதிவேடு’ இன்னும் சிறந்த அமைப்புடையது. ஊர்க்குரு ஒருவர் ஓராண்டின் பதிவேட்டைப் புரட்டுகிறார். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்னும் மூன்று பகுதிகளில், ஒவ்வொரு பெயரைக் கண்டதும் அப்பெயருக்குரிய வாழ்வை நினைவுகூர்கிறார்.

இவ்வமைப்பின் திறம் பெரிது. வெற்றுப் பெயர்ப்பட்டியல் அவர் கையில் மாந்தர் கூட்டமாகிறது. ஒரு திங்கட்கிழமையில் கண்டெடுக்கப்பட்ட திக்கற்ற குழந்தைக்கு வெஸ்ட்ரி கூடி அக்கிழமையின் பெயரையே சூட்டுகிறது. அக்குழந்தை பின்னாளில் பெருஞ்செல்வனாகி இறக்கும்போது, தன்னை வளர்த்த பாரிஷுக்கு மிகச் சிறு தொகையே விட்டுச்செல்கிறது. அன்பின்றி இட்ட சோற்றுக்கு நன்றியும் அவ்வளவே என்பதைக் கிராப் ஒரு சொல்லும் மிகையின்றி உணர்த்துகிறார். ஐசக் ஆஷ்ஃபோர்டு என்னும் நேர்மையான முதிய உழவன், வறியோர் இல்லத்துக்குச் செல்ல நேருமோ என்று அஞ்சியபடியே வாழ்ந்து, அங்குச் செல்லுமுன் இறக்கிறான். கிராப்புக்குப் பாரிஷின் கொடுமை தெரியாது என்று கூறுவார் அவரைப் படியாதவராவர்.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. பதிவேடு குருவின் கையில் உள்ளது. ஒருவன் வாழ்வில் மூன்று முறை மட்டுமே அது திறக்கப்படும். அம்மூன்றுக்கும் இடைப்பட்ட வாழ்வைக் குருவின் நினைவே நிரப்புகிறது. குருவின் அறவுணர்வே தீர்ப்பும் கூறுகிறது. இரக்கம் உண்டு, அது மேலிருந்து வரும் இரக்கம். கிளேர் இதனை நன்கு உணர்ந்தார். கிராப் உழவர்களைப் பற்றிக் கவிஞராக எழுதிய அளவுக்கு நீதியாளராகவும் எழுதினார் என்னும் குறை அவர் கடிதம் ஒன்றில் காணப்படுகிறது. இது பொறாமையில் பிறந்த சொல் அன்று. பதிவேட்டில் எழுதப்படுபவன் எழுதுபவனைப் பார்த்துக் கூறிய சொல்.

‘பாரிஷ்’ என்னும் அங்கதம்

கிளேர் 1820களில் ‘பாரிஷ்’ என்னும் நெடும் பாட்டை இயற்றினார். அது இரண்டாயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. ஈரடி இயைபுத் தொடையில் அமைந்தது. மிகுந்த துன்பத்தின் அழுத்தத்தில் எழுதியதாகவும், ஒரு வகுப்பாரின் செழிப்பு மற்றொரு வகுப்பாரின் வறுமைமேல் எழுப்பப்பட்ட காலம் அது என்றும் அவரே முன்குறிப்பில் கூறுகிறார்.

இப்பாட்டில் கதை இல்லை, அணிவகுப்பு உண்டு. தந்தையரின் எளிய பழக்கத்தைக் கைவிட்டு உயர்குடியினரைப் போல நடிக்கும் புதுப்பண்ணையார், அவர்தம் செருக்குடைய மகளிர், ஏமாற்றுப் பேர்வழிகள், அச்சமூட்டும் நீதியாளர், வரி வகுக்கும் கண்காணிப்பாளர் என ஒவ்வொருவராக வருகின்றனர். பாத்திரங்களின் பெயரே அவர்தம் பண்பை உரைக்கும். பாரிஷ் அலுவலரைக் கிளேர் ஒரு சிறு நாடாளுமன்றமாக உருவகிக்கிறார். இருபெரும் அவைகளும் அச்சிற்றூரிலேயே உள்ளன. ஆனால் அவ்வுறுப்பினரின் கல்வி கையெழுத்திடும் அளவினதே. இவ்வுருவகத்தில் நகைப்பும் உண்மையும் ஒருங்கே உள்ளன. நாட்டை ஆளும் மன்றத்தில் வாக்கில்லாத கூலியாளுக்கு வெஸ்ட்ரியே நாடாளுமன்றமாக இருந்தது. அதிலும் அவனுக்கு வாக்கில்லை.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் பழிகரப்பு எனவும் இரண்டாகப் பகுக்கும். ‘பாரிஷ்’ முற்றிலும் செம்பொருள் அங்கதம். வெளிப்படையாக வசைபாடுதலே அதன் வலிமை; குறையும் அதுவே. ஒருவர்பின் ஒருவராகப் பழிக்கப்படும்போது சினம் ஒரே சுருதியில் ஒலிக்கிறது. ஓசையும் கிளேருக்கு முழுதும் உரியதன்று. போப்பும் கிராப்பும் கையாண்டு பண்படுத்திய ஈரடி யாப்பு கற்றோர் அவையின் கருவி. அக்கருவியைக் கொண்டே கற்றோரையும் உடையோரையும் தாக்க முயன்றபோது, கிளேரின் குரல் சிற்சில இடங்களில் எதிரியின் குரலைப் போலவே ஒலிக்கிறது.

இன்னொரு தடையும் கூறப்படுவதுண்டு. இப்பாட்டில் கிளேர் பழைய பண்ணையாரையும் பழைய குருவையும் போற்றுகிறார். ஆதலின் அவர் ஏங்குவது பழமைக்கே. பாரிஷ் முறையையே அவர் எதிர்த்தாரல்லர் என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. கிளேர் புரட்சியாளர் அல்லர். ஆனால் அவர் போற்றும் பழைய குரு எத்தகையவர்? வறியோரை அறிந்தவர், தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்தவர். பழமையைப் போற்றுதல் ஈண்டு ஓர் அளவுகோலாக நிற்கிறது. பாரிஷ் தன் முதற்பொருளாகிய வழிபாட்டுக் கூட்டுறவை மறந்து, இரண்டாம் பொருளாகிய வரிக்கணக்காக மட்டும் சுருங்கியதை அவ்வளவுகோலால் அளக்கிறார். ஆகவே இப்பாட்டின் அமைப்பில் குறை காணலாமேயன்றி, நோக்கில் குறை காண்டல் அரிது.

நிலத்தின் முறையீடு

ஹெல்ப்ஸ்டனுக்கு அருகில் ‘சார்டி வெல்’ என்னும் பழைய கல்லகழ்விடம் ஒன்று உண்டு. நில அடைப்பின்போது அது சாலை செப்பனிடக் கல்லெடுக்கும் இடமாகப் பாரிஷுக்கு ஒதுக்கப்பட்டது. ‘சார்டி வெல்லின் புலம்பல்’ என்னும் பாட்டில் கிளேர் தாம் பேசாமல் அந்நிலத்தையே பேசவிடுகிறார்.

அந்நிலம் தன்னை எவ்வாறு அறிமுகம் செய்துகொள்கிறது என்பதில்தான் இப்பாட்டின் உயிர் உள்ளது. பாரிஷ் உதவியால் பிழைக்கும் நிலைக்கு வந்தவனை ‘ஊர்மேல் விழுந்தவன்’ என்பது அவ்வட்டார வழக்கு. அவ்வழக்கையே நிலம் தனக்குக் கூறிக்கொள்கிறது. அதாவது, நிலமே வறியோர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதனைப் பேணவேண்டிய பாரிஷ் அதன் உடலைத் தோண்டி விற்கிறது. புதர்கள் போயின, தேனீக்கும் முயலுக்கும் புகலிடம் போயிற்று, வழிச்செல்லும் ஜிப்சிகள் அஞ்சாது தங்கிய இடம் போயிற்று. முன்பு தன்னிடம் வந்தோர்க்கெல்லாம் இடம் தந்த நிலம், இப்போது பாரிஷின் அடிமையாகிவிட்டதாகக் கூறுகிறது. இறுதியில் தன் பெயர் ஒன்றே எஞ்சுமோ என அஞ்சுகிறது.

திணையிலக்கணம் பயின்ற நமக்கு நிலமும் பொழுதும் கருப்பொருளும் கண்டவுடன் உரிப்பொருளைத் தேடும் பழக்கம் உண்டு. அப்பழக்கம் ஈண்டு ஓரளவே துணைசெய்யும். இப்பாட்டில் நிலம் மாந்தர் உணர்ச்சிக்குப் பின்புலமாக நிற்கவில்லை. சட்டத்தால் கைமாறிய உடைமையாகவும், அதனால் துன்புறும் ஓர் உயிராகவும் நிற்கிறது. முதற்பொருளே பாட்டின் தலைமகனாகிவிட்டது எனலாம்.

இதனை முழுப் பழிகரப்பு என்றல் இயலாது. நில அடைப்பின்மீது பழி வெளிப்படையாகவே கூறப்படுகிறது. ஆயினும், பழியைக் கூறும் வாய் கவிஞர் வாய் அன்மையால், ‘பாரிஷ்’ பாட்டில் காணாத அடக்கமும் நகைச்சுவையும் இதில் அமைந்தன. இரப்போர் கெஞ்சிக் கெஞ்சி ஒன்றும் கிடைக்காதபோது திட்டுவர் என்பதை நிலம் நன்கறிந்து பேசுகிறது. தன்மானமுள்ள ஏழையின் குரல் அது.

யாப்பும் இங்கு மாறிவிட்டது. நெடிலடியும் குறிலடியும் மாறிமாறி வரும் நாட்டுப்பாடல் நடையில் எட்டடிச் செய்யுள்களாக இப்பாட்டு அமைந்துள்ளது. இந்நடை கிளேருக்கு எங்கிருந்து வந்தது? தந்தை பார்க்கர் கிளேர் மிகப் பல நாட்டுக் கதைப்பாடல்களை மனப்பாடமாக அறிந்து, மதுக்கடையில் பாடி மகிழ்வித்தவர். பாரிஷ் உதவி பெற்றுச் சாலைக்குக் கல் பரப்பியவரும் அவரே. சாலைக்குக் கல் தரும் நிலம் பாரிஷின் ஏழையாகப் பேசும்போது, அது தந்தையிடம் கேட்ட பாட்டின் ஓசையிலேயே பேசுகிறது. கிளேர் இதனை எண்ணித்தான் செய்தார் என்று துணிய வேண்டுவதில்லை. கடன்வாங்கிய யாப்பில் சினமாக நின்றது, வழிவழி வந்த யாப்பில் கலையாக மாறியது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

பதிப்பும் புகழும்

இவ்வளவு வெளிப்படையான பொருள் நெடுங்காலம் மறைந்திருந்தது எவ்வாறு என்னும் வினா எழும். விடை பதிப்பு வரலாற்றில் உள்ளது. முதல் தொகுதியில் ‘ஹெல்ப்ஸ்டன்’ என்னும் பாட்டில் செல்வத்தைச் சாடிய அடிகள் இருந்தன. கிளேரின் புரவலருள் ஒருவராகிய ராட்ஸ்டாக் பெருமகன் அவற்றை நன்றிகெட்ட தீவிரவாதப் பேச்சாகக் கண்டு நீக்குமாறு வற்புறுத்தினார். பிற்பதிப்புகளில் அவை நீக்கப்பட்டன. 1827இல் வந்த ‘மேய்ப்பனின் ஆண்டுக்குறிப்பு’ பதிப்பாளரால் பெரிதும் வெட்டப்பட்டது. கையெழுத்துப்படியை ஒட்டிய பாடம் 1964இல்தான் வெளிவந்தது. ‘பாரிஷ்’ கவிஞர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை. அது முழுவடிவில் தனிநூலாக வெளிவந்த ஆண்டு 1985.

ஆகவே, பாரிஷ் நீக்கப்பட்ட கிளேரையே பத்தொன்பதாம் நூற்றாண்டு படித்தது. ‘இயற்கைக் கவிஞர்’ என்னும் பெயர் அவர் பாட்டு முழுவதையும் கண்டு சூட்டிய பெயரன்று. எஞ்சிய பாட்டைக் கண்டு சூட்டிய பெயர். பாடவேறுபாட்டை அச்சுப்பிழை அளவில் எண்ணும் மாணவர்க்கு இஃதொரு நல்ல படிப்பினை. ஏடு பெயர்த்தெழுதுவோரின் சோர்வால் மட்டும் பாடம் திரிவதில்லை. பொருள் பிடிக்காதவரின் விருப்பத்தாலும் திரியும்.

முடிவுரை

கிளேர் 1832இல் மூன்று மைல் தொலைவிலுள்ள நார்த்பரோவுக்குக் குடிபெயர்ந்தார். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் பாரிஷ்களை ஒன்றியங்களாக இணைத்து, வறியோரைப் பெரும் பணியில்லங்களுக்குள் செலுத்தியது. 1836இல் தசமபாகம் பணமாக மாற்றப்பட்டது. 1837ஆம் ஆண்டு சூலை முதல் பிறப்பு இறப்புகளை அரசே பதிவு செய்யத் தொடங்கியது. கிராப் பாடிய பதிவேட்டின் தனியாட்சியும் முடிந்தது. அவ்வாண்டிலேயே கிளேர் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். 1841இல் அங்கிருந்து நடந்தே வீடு திரும்பிய அவர், அவ்வாண்டின் இறுதியில் நார்தாம்ப்டன் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1864இல் அங்கேயே இறந்தார். உடல் ஹெல்ப்ஸ்டன் கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

கிராப்பும் கிளேரும் ஒரே நிறுவனத்தின் இரு பக்கங்களைப் பாடியவர்கள். கிராப்பின் பாட்டு கட்டமைப்பால் சிறந்தது. கிளேரின் பாட்டு நின்ற இடத்தால் சிறந்தது. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டுவதில்லை. ஆனால் ஒருவரைப் படித்து அவ்வூரை முழுதும் அறிந்தோம் என்று அமைதல் கூடாது. எழுதியவன் கூறும் ஊர் ஒன்று. எழுதப்பட்டவன் கூறும் ஊர் மற்றொன்று. சார்டி வெல் இன்று காட்டுயிர்க் காப்பிடமாக உள்ளது. தன் பெயர் மட்டுமே எஞ்சும் என்று அஞ்சிய நிலத்தில் மீண்டும் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் காணப்படுகின்றன. அப்பூக்களைக் கண்டு கிளேரை நினைப்போர், அந்நிலம் ஒருகாலத்தில் வறியோர் பட்டியலில் நின்று பேசியதையும் உடன் நினைத்தல் வேண்டும்.